சிவப்பா, பச்சையா, நீலமா? – தோட்டா பிரஸ்ஸின் 150 வருஷக் கதை

வழக்கமா டிஸ்கி கடைசியில வரும். இந்தப் பதிவுக்கு முதல்லயே போட்டுடறேன். அடியேன் எஃப்-1 விசாவுல படிக்க வந்தவன். அமெரிக்க மத்திய சட்டப்படி எங்களை மாதிரி தற்காலிக விசாக்காரங்க துப்பாக்கி மட்டுமில்ல, ஒத்தத் தோட்டாகூட வெச்சிருக்கக் கூடாது. (முறையா வேட்டை லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு விலக்கு உண்டு. நமக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. கோழி வெட்டறதையே பார்க்கமாட்டேன்.) ஆகவே, "பையன் அமெரிக்கா போய் கெட்டுப் போயிட்டான்"னு எங்க வீட்டுக்குப் போட்டுக்கொடுக்க நினைக்கிற நல்ல உள்ளங்கள் அமைதி காக்கவும். நான் பார்த்தது இரும்பு பிரஸ்ஸை மட்டும்தான். மெக்கானிகல் படிக்கிறவன் கண்ணுக்கு லீவர்னா லீவர், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருவோம். சுட்டுட்டுக் கீழ விழுற பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, மறுபடியும் மருந்து அடைச்சு, திரும்பச் சுடறது இந்த ஊர்ல ஒரு பெரிய பொழுதுபோக்கு. ரீலோடிங்னு சொல்றாங்க. சொந்த உபயோகத்துக்குச் செஞ்சா மத்திய அரசு லைசென்ஸ் வேண்டாம். விக்கறதுக்குச் செஞ்சாத்தான் லைசென்ஸ். அதுக்கு வேண்டிய கருவிதான் பிரஸ். மலிவா ஒண்ணு வாங்கறதா, காசைக் கொட்டி ஒண்ணு வாங்கறதாங்கறது இவங்களுக்குள்ள ஓயாத சண்டை. நம்ம ஊர்ல ரஜினியா கமலா மாதிரி. கம்பெனிகளுக்கு நிறம்கூட இருக்கு. சிவப்புன்னா லீ. (ஹார்னடியும் சிவப்புதான், ஆனா "சிவப்பு"ன்னு இளக்காரமா சொன்னா அது லீ.) பச்சைன்னா ஆர்சிபிஎஸ். நீலம்னா டில்லன். ஆரஞ்சு லைமன். இந்தச் சண்டையோட பூர்வீகத்தைத் தோண்டப் போய்த்தான் இந்தப் பதிவு.

ஒரு தோட்டாவுல இருக்கிறது நாலே நாலு சாமான். பித்தளைக் கூடு, அதோட அடியில பிரைமர், உள்ள மருந்து, வாயில செருகின குண்டு. பிரைமர் வேற ஒண்ணும் இல்ல, தீபாவளிக்கு நாம சுட்ட ரோல் கேப்போட பெரியண்ணன். அடிச்சா பொறி கிளம்பும், அந்தப் பொறி மருந்தைப் பத்த வைக்கும். இந்த நாலுல ஒரு தடவையோட போறது மூணு. விலை அதிகமான நாலாவது, அதாவது கூடு, அப்படியே முழுசா திரும்பக் கிடைக்குது. எவ்வளவு பணக்கார நாடா இருந்தா என்ன, பித்தளையைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. நம்ம ஊர்ல பேரீச்சம்பழக்காரன் கிட்ட எதையெல்லாம் போட்டோம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா எல்லாக் கூடும் இப்படித் திரும்ப உபயோகமாகாது. இங்கதான் கதையோட முதல் திருப்பம். 1866-ல் ரெண்டு பேர் ரெண்டு விதமான பிரைமருக்கு வழி பண்ணாங்க. ஒருத்தர் ஹைரம் பெர்டன், அமெரிக்கர், உள்நாட்டுப் போர்ல குறிபார்த்துச் சுடும் படைப்பிரிவை நடத்தினவர். இன்னொருத்தர் எட்வர்ட் பாக்ஸர், இங்கிலாந்து வுல்விச் ராயல் லேபரட்டரியோட மேலதிகாரி. பிரைமரை அடிக்கும்போது அது நசுங்கறதுக்கு எதிர்ல ஒரு பட்டறைக்கல் மாதிரி சின்ன முனை வேணும். பெர்டன் அந்த முனையைக் கூட்டோட அடியிலயே வெச்சு, அதைச் சுத்தி ரெண்டு பொடி ஓட்டை போட்டார். பாக்ஸர் முனையைப் பிரைமருக்குள்ளயே வெச்சுட்டு, கூட்டோட நடுவுல ஒரே ஒரு ஓட்டை விட்டார்.

என்ன பெரிய வித்தியாசம்னு கேக்கறீங்களா? நடுவுல ஒரே ஓட்டைன்னா மேலேருந்து ஒரு ஊசியை விட்டுத் தட்டினா பழைய பிரைமர் பொத்துனு கீழ விழுந்துடும். பெர்டன் கூட்டுல நடுவுல முனை நிக்குது, ஊசி எங்க போகும்? நோண்டித்தான் எடுக்கணும். வேடிக்கை என்னன்னா, அமெரிக்கர் கண்டுபிடிச்சதை ஐரோப்பாக்காரங்க எடுத்துக்கிட்டாங்க, ஆங்கிலேயர் கண்டுபிடிச்சதை அமெரிக்கா எடுத்துக்கிச்சு. அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு கொட்டகையில தோட்டா அடைக்கிற பழக்கம் வேர் பிடிச்சதுக்கு அந்த ஒரு ஓட்டையும் முக்கியமான காரணம்னு நான் நினைக்கறேன். சுதந்திரம், உரிமைன்னு பெரிய பெரிய வார்த்தை எல்லாம் அப்புறம். ஓட்டை நடுவுல இல்லேன்னா ஒண்ணும் நடந்திருக்காது.

அடுத்தது 1870-கள். மேற்கே சமவெளியில பைசன் எருமைகளைத் தோலுக்காகக் கொன்னு குவிச்ச காலம். (அந்தக் கொடுமை தனிப் பதிவுக்கான விஷயம்.) ஷார்ப்ஸ் ரைஃபிளோட மாசக்கணக்கா காட்டுல கிடக்கிற வேட்டைக்காரனுக்குப் பக்கத்துல கடை ஏது? ஈயக் கட்டி, மருந்துப் பீப்பாய், பிரைமர் டப்பா எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போய், ராத்திரி நெருப்புல ஈயத்தை உருக்கி, பகல்ல சுட்ட கூட்டையே அடைச்சு, மறுநாள் சுட்டிருக்காங்க. அவங்களுக்கு மலிவா பிரீமியமாங்கற கேள்வியே கிடையாது. அடைச்சாத்தான் மறுநாள் வேலை. வின்செஸ்டர் கம்பெனியே அப்போ கையடக்கமா கருவி செஞ்சு வித்தது. தோட்டா விக்கிற கம்பெனி எதுக்குத் தோட்டா அடைக்கிற கருவியையும் விக்கணும்? எப்படியும் அடைக்கத்தான் போறான், குண்டும் பிரைமருமாவது நம்மகிட்ட வாங்கட்டும்னு கணக்கு போட்டிருப்பாங்க. நம்ம மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்ல.

1884-ல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன்ல ஜான் பார்லோங்கறவர் ஐடியல்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அவரோட கருவி பார்க்க பாக்குவெட்டி மாதிரியே இருக்கும். ரெண்டு கைப்பிடி, நடுவுல கீல். பழைய பிரைமரைத் தள்ளறது, புதுசு வைக்கிறது, கூட்டோட வாயை இறுக்கறது, குண்டைச் செருகறது எல்லாம் அதுலயே. சட்டைப்பையில போட்டுக்கலாம். கூடவே பார்லோ செஞ்ச புத்திசாலித்தனம், ஒரு கையேடு போட்டது. எந்தக் கூட்டுக்கு எவ்வளவு மருந்துன்னு சொல்ற பாதி, நம்ம கருவியை வாங்குங்கனு சொல்ற பாதி. ஐடியல் கம்பெனி கை மாறி மாறி 1925-ல் லைமன்கிட்ட வந்து சேர்ந்தது. அந்தக் கையேடு இன்னும் லைமன் பேர்ல வந்துக்கிட்டு இருக்கு, 50 பதிப்பு தாண்டியாச்சு. கம்பெனிகள் போகும் வரும், கையேடு மட்டும் பஞ்சாங்கம் மாதிரி நிக்குது.

பாக்குவெட்டிக்கு ஒரு பலவீனம். சுடும்போது கூடு ஊதிப் பெருத்துடும். அதை முழுசா பழைய அளவுக்கு அமுக்கணும்னா கைபலம் பத்தாது. கழுத்துப் பகுதியை மட்டும் அமுக்கலாம். அதே துப்பாக்கியில திரும்பச் சுடறதுக்கு அது போதும், இன்னொரு துப்பாக்கியில நுழையாம மல்லுக்கு நிக்கும். அந்த இடத்துலதான் மேஜையில போல்ட் போட்டு நிறுத்தற பிரஸ் வருது. நம்ம தெருமுனை அடிபம்பு ஞாபகம் இருக்கா? அதே மாதிரி நீளக் கைப்பிடி. கீழ அழுத்தினா நடுவுல இருக்கிற தண்டு மேல ஏறும். தண்டு உச்சியில கூடு நிக்கும், மேல திருகி மாட்டின டைக்குள்ள அது நுழையும். கிட்டத்தட்ட இடியாப்ப உழக்கைத் தலைகீழா திருப்பின மாதிரி.

இதுக்கு முன்னாடியே இன்னொரு மாற்றம் நடந்துடுச்சு. பிரஸ் விலையைப் பத்திப் பேசறவங்க பாதிப் பேர் இதை மறந்துடறாங்க. பழைய கரிமருந்தை அளவுக் கிண்ணத்துல மொண்டு கூடு நிறைய நிறைய அடைச்சாங்க. அதுக்கு மேல போட இடமே இருக்காது. தப்பு பண்ணவே கஷ்டம். 1884-ல் பிரான்ஸ்ல பால் வியெய் புகையில்லா மருந்து கண்டுபிடிச்ச பிறகு நிலைமை தலைகீழ். கொஞ்சம் மருந்து, பெரிய வேகம். (பிரிட்டிஷ்காரன் இதுக்குப் பதிலா கார்டைட் கொண்டு வந்தான். 1900-களோட முதல் சில வருஷங்கள்ல நம்ம நீலகிரி அருவங்காட்டுல கார்டைட் தொழிற்சாலை வந்தது அதுக்காகத்தான். ஊட்டி மலை ரயில்ல போனவங்க அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க.) இந்த மருந்தை நிறுக்கற அலகு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம்ம கணக்குல ஒரு குன்றிமணி ஏறக்குறைய ரெண்டு கிரெய்ன். ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு நாலஞ்சு கிரெய்ன் போதும், அதாவது ரெண்டு, ரெண்டரை குன்றிமணி. அதைப் போட்டா பல கூடுகள்ல பாதிகூட நிறையாது. அப்படின்னா, ஞாபக மறதியில ரெண்டாவது தடவையும் போட்டா? அதுக்கும் உள்ள இடம் இருக்கு! அங்கதான் ஆபத்து. கரிமருந்து காலத்துல இந்தப் பயமே கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் தோட்டாத் தொழிற்சாலை எல்லாம் ராணுவத்துக்குத் திரும்பிடுச்சு. சாதாரண ஆளுக்குக் குண்டும் இல்ல, பிரைமரும் இல்ல. கலிஃபோர்னியா ஓரோவில்ல ஃப்ரெட் ஹன்டிங்டன்னு ஒருத்தர். குடும்பத்துக்கு லாண்டரி தொழில். சலவைக்கடைப் பின்பக்கத்துல உக்கார்ந்து, சுட்டுப் போட்ட .22 கூடுகளையே உறையா வெச்சு அமுக்கிக் குண்டு செய்யற டையை 1943-ல் செஞ்சார். ராக் சக்னா அந்தப் பக்கத்து மலை எலி மாதிரி ஒரு ஜந்து. அதைச் சுடறதுக்கான குண்டு. ராக் சக் புல்லட் ஸ்வேஜ், சுருக்கி ஆர்சிபிஎஸ். ஒரு எலியோட பேரை வெச்சு இவ்வளவு பெரிய கம்பெனி! குண்டு அமுக்கற வேலைக்குச் சாதாரண பிரஸ் தாங்காது. அதனால கெட்டியான வார்ப்பிரும்பு, கூட்டு லீவர்னு பிரஸ் கட்டினாங்க. அந்தப் பரம்பரையில வந்த ராக் சக்கர்தான் "தாத்தா வாங்கினது, பேரன் அடிக்கறான்" வகை. நம்ம வீட்டு ஆட்டுக்கல்லு.

போர் முடிஞ்சதும் தலைகீழ் பிரச்சினை. ராணுவத்துகிட்ட மலை மலையா மருந்து மிச்சம். கேன்சஸ்ல புரூஸ் ஹாட்ஜ்டன்னு ஒருத்தர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மேல கடன் வாங்கி 25 டன் மருந்தை அரசாங்கத்துகிட்டேருந்து வாங்கினார். வைக்க இடமில்லாம பழைய ரயில் பெட்டியை ஒரு வயல்ல நிறுத்தி அதுல வெச்சிருந்தாராம். வீட்டுக்காரம்மா என்ன சொல்லியிருப்பாங்கனு நினைச்சா எனக்கே வயித்தைக் கலக்குது. ஆனா அந்த மலிவு மருந்துதான் போருக்குப் பின்னால இந்தப் பொழுதுபோக்கு பரவக் காரணம். 1949-ல் நெப்ராஸ்கா கிராண்ட் ஐலண்ட்ல ஜாய்ஸ் ஹார்னடி குண்டு செய்ய ஆரம்பிச்சார். (ஜாய்ஸ்னதும் அம்மான்னு நினைச்சுடாதீங்க, ஐயாதான்.) பின்னாடி 1971-ல் பசிஃபிக்ங்கற பழைய பிரஸ் கம்பெனியையும் வாங்கி, பிரஸ் வியாபாரத்துக்குள்ள வந்தாங்க.

இதுக்குள்ள சத்தமில்லாம ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. டையை பிரஸ்ல திருகற மரைக்கு எல்லாரும் ஒரே அளவுக்கு வந்துட்டாங்க. 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. எந்தக் கம்பெனி டையும் எந்தக் கம்பெனி பிரஸ்லயும் ஏறும். (டில்லனோட ஸ்கொயர் டீல் மாதிரி விதிவிலக்கு ஒண்ணு ரெண்டு உண்டு.) நான் இந்தியாவுலேருந்து கொண்டு வந்த சார்ஜருக்கு அடாப்டர் தேடி அலைஞ்ச அலைச்சலை நினைச்சா, இவங்க எப்படி ஒத்துமையா ஒரு மரைக்கு வந்தாங்கனு ஆச்சரியமா இருக்கு. மலிவு பிரஸ் வாங்கினவன் நாளைக்கு நல்லதுக்கு மாறினாலும் வாங்கின டை வீணாகாது. "முதல்லயே தப்பா வாங்கிட்டா மொத்தமும் போச்சு"ங்கற பயம் இதனால பாதி குறைஞ்சது.

இப்போ நம்ம ஊர்க்காரர். அதாவது விஸ்கான்சின்காரர். ரிச்சர்ட் லீ 1958-ல் வீட்டுப் பட்டறையில லீ லோடரைச் செஞ்சார். முதல்ல ஷாட்கன் தோட்டாவுக்கு, அப்புறம் ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும். பிரஸ்ஸே கிடையாது! ஒரு சின்ன டப்பா. அதுல டை, ஒரு தள்ளுகோல், மருந்து மொள்ள ஒரு கரண்டி. மரச்சுத்தியலால டப் டப்புனு அடிச்சு அடிச்சு ஒவ்வொரு வேலையா முடிக்கணும். விலை பத்து டாலருக்குள்ள. பிரைமர் வைக்கும்போது சுத்தியலடி கொஞ்சம் தப்பினா டமால்னு அதுவே வெடிக்கிறதும் உண்டாம். லீ லோடர்ல பழகினவங்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. பழகாதவங்க யாரும் சிரிச்சு நான் பார்க்கல.

லீ பிரசிஷன் கம்பெனி இருக்கிற ஹார்ட்ஃபோர்ட், மில்வாக்கியிலேருந்து முக்கால் மணி நேரம். ரிச்சர்ட் லீயோட கொள்கை நேரடியானது. மாசம் நூறு தோட்டா அடைக்கிற விவசாயிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ராக் சக்கர் எதுக்கு? வார்ப்பிரும்பு இருக்கிற இடத்துல அலுமினியக் கலவை, முடிஞ்ச இடத்துல பிளாஸ்டிக்னு விலையைக் கீழ இறக்கினார். 'மாடர்ன் ரீலோடிங்'னு தடிப் புத்தகமும் போட்டார். தன் சரக்கைப் புகழ்றதுல பார்லோவுக்கு அண்ணன். ஆனா கருவி ஏன் இப்படி இருக்குனு அவர் விளக்கற பக்கங்களை எங்க டிசைன் வகுப்புல பாடமா வைக்கலாம். பச்சைக்காரங்க "லீயா? அது காயலான் கடைச் சாமான்"னு கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் லீயே கிளாசிக் காஸ்ட்னு வார்ப்பிரும்புல ஒரு பிரஸ் போட்டார். பழைய பிரைமர் தண்டுக்குள்ள இருக்கிற துளை வழியா ட்யூபுக்குப் போய் விழும், தரையெல்லாம் சிதறாது. கிண்டல் சத்தம் கொஞ்சம் குறைஞ்சது.

நீலத்தோட கதை வேற மாதிரி. அது வறுமையில பொறந்தது இல்ல, அவசரத்துல பொறந்தது. 1930-கள்லயே சான் டியேகோவுல ஸ்டார்னு ஒரு கம்பெனி, தொடர் வேலை செய்யற பிரஸ் கட்டிக்கிட்டு இருந்தது. ப்ரொக்ரசிவ்னு பேரு. சாதா பிரஸ்ல ஒரு கூட்டுக்கு மூணு நாலு தடவை கைப்பிடியை இழுக்கணும், நடுவுல டை மாத்தணும். ப்ரொக்ரசிவ்ல ஒரு வட்டத் தட்டுல நாலஞ்சு கூடு நிக்கும். ஒரு இழுப்புல ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வேலை நடக்கும். தட்டு சுத்தும். இழுப்புக்கு ஒரு தோட்டா. போலீஸ்காரங்களும் பந்தயக்காரங்களும்தான் வாங்குவாங்க, அவ்வளவு விலை. அது கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான மெஷின்.

மைக் டில்லன் டிடபிள்யூஏ விமானக் கம்பெனியில பைலட். தானியங்கித் துப்பாக்கிப் பிரியர். அது குடிக்கிற தோட்டாவுக்கு ஒண்ணொண்ணா அடைச்சு மாளுமா? ஸ்டார் மெஷினை ரைஃபிள் தோட்டாவுக்கு மாத்தற பாகங்களைச் செஞ்சு விக்க ஆரம்பிச்சு, கடைசியில அரிசோனாவுல சொந்த மெஷினுக்கே வந்துட்டார். நேரமும் அவருக்கு ஒத்துழைச்சது. 1976-ல் மிசௌரி மாநிலம் கொலம்பியாவுல ஐபிஎஸ்சிங்கற வேகச் சுடுதல் போட்டி அமைப்பு ஆரம்பமாச்சு. அந்தப் போட்டிக்காரன் வருஷத்துக்குச் சுடறது ஆயிரக்கணக்குல. மான் வேட்டைக்காரன் வருஷத்துக்குச் சுடறது ஒரு டப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே பிரஸ்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சாதா பிரஸ்ல மணிக்கு ஐம்பதுலேருந்து நூறு. டில்லன் 550-ல் மணிக்கு நானூறுக்கு மேல.

இன்னிக்கு விலையில ஏறக்குறைய சொன்னா, லீயோட சின்ன பிரஸ் 100 டாலருக்குள்ள. ராக் சக்கர் 200-க்கு மேல. டில்லன் 550 600-க்கு மேல. அதுக்கும் மேல பெரிய டில்லன் 2000 டாலர் பக்கம். பிரஸ் மட்டும்தான் இது. டை, தராசு, அளவுகோல் எல்லாம் தனி.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வித்தியாசம் விலையில இல்ல, வாரண்டியில. லீ ரெண்டு வருஷம் முழு வாரண்டி தர்றார். அதுக்கப்புறம் எவ்வளவு பழசா இருந்தாலும், எந்த நிலைமையில இருந்தாலும், இன்னிக்கு விலையில பாதியோட அனுப்பினா புதுசு மாதிரி ஆக்கித் தருவார். டில்லனோ, கைப்பழக்க மெஷின்களுக்கு ஆயுசு பூராவும், எத்தனாவது கையா இருந்தாலும், கேள்வியே கேக்காம பாகம் அனுப்பறது. ஆனா வியாபாரத்துக்கு ஓட்டற பெரிய 1050-க்கு மட்டும் ஒரே வருஷம்தான் கொடுத்தாங்க. கம்பெனி எதை நம்புது, எதை நம்பலைங்கறது விளம்பரத்துல தெரியாது, இதுலதான் தெரியும். டில்லனோட விலைக்குள்ள நாளைக்கு உடையப்போற பாகத்தோட காசும் முன்கூட்டியே இருக்கு. லீ அந்தக் காசை முதல்ல வாங்கல, உடைஞ்சா பாதி குடுங்கறார். ரெண்டும் நேர்மைதான். சம்பளம் எப்போ வரும்ங்கறதைப் பொறுத்தது.

எங்க டிபார்ட்மென்ட் மெஷின் ஷாப்ல லேத்து ஓட்டுற ஒரு பெரியவர் இருக்கார். ஐம்பது வருஷமா மான் வேட்டைக்குப் போறவர். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை சீசன் ஆரம்பிச்சா ஒன்பது நாளைக்கு ஆளைப் பார்க்க முடியாது. அவர் வீட்டு நிலவறையில பச்சை பிரஸ் ஒண்ணு மேஜையோட மேஜையா ஊறிப்போய் நிக்குது. அவர் மகள் நர்ஸ், ரெண்டு குழந்தை. வார இறுதியில கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் போக ஆரம்பிச்சிருக்காங்க. கடைத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகல, அதனால நீலம் வேணும்ங்கறாங்க. அப்பா கூடவே கூடாதுங்கறார். அறுநூறு டாலரைப் பார்த்துத்தான் கஞ்சத்தனம் பண்றார்னு நான் நினைச்சேன்.

ஒருநாள் தன்னோட டூல் பெட்டி அடித்தட்டுலேருந்து துணியில சுத்தின ஒரு சாமானை எடுத்து என் கையில வெச்சார். ரிவால்வரோட சிலிண்டர். ஆறு குழியில மூணு குழிக்கு மேல்சுவர் இல்ல. வாழைப்பூ மடல் மாதிரி விரிஞ்சு கிடக்கு. ரெட்டை மருந்து. அவரோட சிநேகிதர் ஒருத்தர் அடைச்சது. போன் அடிச்சிருக்கு, பேசிட்டு வந்து விட்ட இடத்துலேருந்து இழுத்திருக்கார். விட்ட இடம் எதுன்னுதான் ஞாபகம் இல்ல. ரெண்டு விரல் போச்சு. எந்தக் கம்பெனி மெஷின்னு கேட்டேன். "அது முக்கியமில்ல"ன்னு துணியைச் சுத்தி வெச்சுட்டார். எவ்வளவு கேட்டும் சொல்லல.

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. சாதா பிரஸ்ல அம்பது கூட்டுலயும் மருந்து போட்டு, ஒரு மரப்பலகையில வரிசையா நிறுத்தி, விளக்கடியில ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுத்தான் குண்டு வைப்பாங்க. ஒண்ணுல மட்டும் மருந்து தூக்கலா இருந்தா கண்ணுல பட்டுடும். ப்ரொக்ரசிவ்ல எட்டிப் பார்க்க ஒரு கணம்தான். ஆனா மகள் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. தட்டைக் கையால சுத்தற மெஷின்லதான் "சுத்தினோமா இல்லையா"ங்கற சந்தேகம் வரும். தானா சுத்தற மெஷின்ல ஒரே கூடு மருந்துக்கு அடியில ரெண்டு தடவை நிக்கறதே அபூர்வம். அதோட மருந்து மட்டம் பார்க்க மணி அடிக்கிற கருவிகூட கிடைக்குது. அதாவது கூடக் காசு குடுத்தா வேகம் மட்டுமில்ல, கொஞ்சம் பத்திரமும் சேர்த்து வாங்கலாம். அதே சமயம் எந்தக் காசும் குடுக்காம, பலகையும் விளக்கும் வெச்சும் அதே பத்திரத்தை வாங்கலாம், மெதுவா. நடுவுல மாட்டிக்கறவன் அவசரமும் வேணும், காசும் குடுக்கமாட்டேன்ங்கறவன். விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு பண்றவங்க கண்ணுக்கு இந்த ஆள் தெரியமாட்டான்.

கடைசியில அப்பாவும் மகளும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. முதல் குளிர்காலம் முழுக்க சிவப்பு வார்ப்பிரும்புல ஒண்ணொண்ணா அடிக்கணும். மிச்சப் பணத்துல நல்ல தராசு. அடுத்த வருஷம் நீலம், தானா தட்டு சுத்தற வகை. என்னைக் கேட்டா எந்த பிரஸ்ஸும் நல்ல தராசுக்கு அப்புறம்தான். ஆனா தராசைப் பத்தி யாரும் கலர் சண்டை போடறதில்ல, அதுல கிளுகிளுப்பு கம்மி.

சேமிப்புக் கணக்கையும் சொல்லிடறேன். "அடிச்சா காசு மிச்சம்"ங்கறது பெரிய ரைஃபிள் தோட்டாவுக்கு நிச்சயம் உண்மை. நல்ல வேட்டைத் தோட்டா ஒண்ணு கடையில ரெண்டு மூணு டாலர். சாதாரண 9 மில்லிமீட்டருக்கு மிச்சம் சில்லறைதான். அதுலயும் மிச்சமாகற காசுக்கு யாரும் பேங்க்ல போட்டதா சரித்திரம் இல்ல, அதே காசுக்குக் கூட ரெண்டு டப்பா சுட்டுடறாங்க. வெண்டைக்காய் மலிவா கிடைச்சதுன்னு அஞ்சு கிலோ வாங்கிட்டு வர்ற எங்கப்பா மாதிரி.

அப்புறம் பஞ்சங்கள். 2008 தேர்தலுக்கு அப்புறம் ஒரு தடவை, 2012 கடைசியில சேண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்கு அப்புறம் ஒரு தடவை, 2020-ல் கொரோனாவோட ஒரு தடவை. சட்டம் வரப்போகுதுன்னோ, ஊர் மூடப்போகுதுன்னோ ஜனங்க கடையை வழிச்சுத் துடைச்சுட்டாங்க. ஒவ்வொரு பஞ்சத்துலயும் கடைத் தோட்டா கிடைக்காதவன் எல்லாம் பிரஸ் வாங்க ஓடினான். முதல் ரெண்டு நாள்ல சிவப்பு காலி, அப்புறம் பச்சை காலி, நீலத்துக்கு மாசக்கணக்குல காத்திருப்புப் பட்டியல். பிரஸ் வந்து சேர்ந்தப்புறம்தான் தெரிஞ்சது, அடியில வைக்கிற அந்தக் குட்டி ரோல் கேப், பிரைமர், ஊர்ல எங்கயும் இல்ல. கூட்டைப் பொறுக்கலாம், ஈயத்தை உருக்கலாம், பிரைமரைத் தொழிற்சாலையிலதான் செய்யணும். அமெரிக்காவுலயே அதைச் செய்யற கம்பெனிகளைக் கைவிரல்ல எண்ணிடலாம். ஆயிரம் 30, 40 டாலருக்கு வித்தது மூணு மடங்குக்கு மேல போச்சு. ரெண்டாயிரம் டாலர் மெஷின்காரரும் சுத்தியல்காரரும் சமமா உக்கார்ந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எங்க பெரியவர்கிட்ட மட்டும் பழைய டப்பா நாலு இருந்ததாம். மகளுக்குக்கூட ஒரு டப்பாதான் குடுத்தார்.

அருவங்காட்டைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டு ஓடிட்டேன். அந்தப் பக்கத்துக்காரங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. தாத்தா, அப்பா யாராவது அந்த ஃபேக்டரியில வேலை பார்த்திருந்தா இன்னும் விசேஷம். அடுத்த பதிவுக்கு ஆகும். நாளைக்கு காலையில ஹீட் டிரான்ஸ்ஃபர் அசைன்மென்ட் குடுக்கணும், இன்னும் தொடவே இல்ல. வர்ட்டா?